இரண்டு நிலைகளுக்கு நடுவே

சனி, ஜூன் 7
காலையில் குளிர்காலத் தூறல். நோபல் பார்க் மண்டபத்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. இன்றைக்குத்தான் சீன நடன வகுப்பில் நீளக்கை சட்டை தந்தார்கள். விரலைத் தாண்டித் தரையில் புரளும் வெள்ளைப் பட்டு. ‘நீர்க்கை’ என்று பெயராம். வீசினால் ஓடும், இழுத்தால் திரும்பும். என்னுடையது காலில் சுற்றிக்கொண்டது.

லின் டீச்சர் பழங்கதை சொன்னார். அரசவையில் ஆடியது கரைந்துபோய், மிச்சம் நாடக மேடையில் ஒதுங்கியதாம். போன நூற்றாண்டில் அந்த நாடகக்காரர்களின் அசைவுகளிலிருந்து மறுபடி கட்டினார்களாம். குகைச் சுவர் ஓவியங்கள், கல்லறை மண்பொம்மைகள் பார்த்து இன்னும் கொஞ்சம்.

அப்படியானால் இது பழசா, புதுசா என்று ஒருத்தி கேட்டாள். டீச்சர் சிரித்தார். சுவரில் உறைந்த நிலை மட்டும்தான் இருக்கிறது. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போனார்கள் என்று சுவர் சொல்லாது. ஆடுகிறவள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பதினைந்தாம் தேதி மேடை நிகழ்ச்சியில் எனக்கு: குனிந்து கை நீட்டுவது. பிறகு நிமிர்ந்து நெஞ்சில் கை. நடுவில் உள்ளது என் பொறுப்பு.

செவ்வாய், 10
பனிமூட்டம். வாங்க: பால், வெங்காயம். றீற்றாவின் போன். போன வருஷம் இறந்த என் கணவரின் தங்கை.
“அண்ணான்ர வருஷப் பூசையே இன்னும் முடியேல்ல, மச்சாள். அதுக்குள்ள மேடையில ஆடப் போறியளோ? சேர்ச்சில எல்லாரும் கதைக்கினம்.”
“ஓம், ஆடப் போறன்.”
வைத்துவிட்டாள்.

வியாழன், 12
ட்ரெயின் கண்ணாடி முழுக்க ஆவி. எல்லோரும் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல. ஒருத்தி குடையை மடக்குகிறாள். ஒருவர் தூங்கும் பிள்ளையைத் தோள் மாற்றுகிறார். எத்தனை மெதுவாக! பார்த்துக்கொண்டே என் ஸ்டேஷனைத் தாண்டி டண்டினோங் வரை போய்விட்டேன். என்னுடைய நடு இன்னும் வரவில்லை.

ஞாயிறு, 15
வெயில்! ஞாயிறுப் பூசை முடிந்து நேரே மண்டபம். இசை தொடங்கியதும் ஆட்கள் எல்லோரும் எங்கோ தூரத்தில். குனிந்தேன். ஒத்திகையில் செய்தது எதுவும் நினைவில்லை. கை தானாகப் பட்டுத்துணியைப் பிடித்து மெல்ல மேலே இழுத்தது, படுத்திருப்பவருக்குப் போர்த்துவது போல. ஆஸ்பத்திரியில் அவருக்கு அப்படித்தான் போர்த்தினேன். மூச்சு நின்ற பிறகு. குளிருமே என்று. பிறகு வெளியே ஓடிவிட்டேன்.

நிமிர்ந்தேன். நெஞ்சில் கை.

இறங்கினால் வாசலில் றீற்றா. வருவாள் என்று நினைக்கவில்லை. அழுத முகம்.
“கழுத்து வரைக்குந்தான் போர்த்தினனீங்கள், மச்சாள்.”
“அதுக்கு மேல ஏலாமல் போச்சு.”
“அண்டைக்கும் அப்பிடித்தான். நீங்கள் போன பிறகு முகத்தை நான்தான் மூடினனான்.”

அது எனக்குத் தெரியாது. இதுவரை யாரும் சொல்லவில்லை.