டேங்கில் போட்ட முதல் உப்பு

உன் வண்டியின் டீசல் டேங்கிலிருந்து கொட்டியது இன்னும் என் ஷெட்டின் மூலையில் ஒரு தகரத் தட்டில் கிடக்கிறது. இன்று மத்தியானம் காலில் இடறியது. காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. டீசல் நாற்றம் மட்டும் போகவில்லை.

தட்டில் இருப்பது துருவும் உப்பும். டீசல் டேங்குக்குள் உப்பு எப்படி வரும் என்று நான் படித்த பாலிடெக்னிக்கில் எந்த வாத்தியாரும் சொல்லித் தந்ததில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு உன்னைத் தெரியாது.

செத்துப்போன சிநேகிதனைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத வேண்டுமாம். என்னால் ஆகாது. நீ ஒரு மடையன். உயிரோடு இருந்தபோதும் முகத்துக்கு நேராகத்தான் சொன்னேன், இப்போது மட்டும் மாற்றிச் சொல்வானேன்?

உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போவாய். பெருமுக்கல் மலை கண்ணில் பட்டதும் உன் பிக்கப் இருமும், இழுக்கும், நின்றுவிடும். நீ பதறவே மாட்டாய். இறங்கி, மலைக்கோயிலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, புளியமரத்தடியில் உட்கார்ந்து பீடி பற்றவைப்பாய். பீடி முடிந்ததும் செல்ஃப் போட்டால் வண்டி கிளம்பிவிடும். வாய் நிறையச் சிரிப்பாய்.

"பாத்தியா டிப்ளமா? மூச்சு வாங்கிச்சு, எழுந்துக்குச்சு. உனக்கு நட்டு போல்ட்டு தெரியும். வண்டியத் தெரியாதுடா."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "டேய் மடையா, நின்ன வண்டி தானாக் கிளம்புதுன்னா கோளாறு டேங்குல இருக்குது. அடியில கெடக்கிற குப்பை போய் குழாய் வாயில ஒட்டிக்குது. எஞ்சின் நின்னா உறிஞ்சுறது நிக்கும், குப்பை கீழ வுழுந்துடும். இதுக்கு சாமியும் வேணாம், பீடியும் வேணாம். டேங்கைக் கழட்டு."

"சீசன் முடியட்டும்டா."

உன் சீசன் முடிந்ததே இல்லை. வெயில் காய்ந்தால் உப்பு லோடு, மழை வந்தால் அனுமந்தையிலிருந்து மீன் கூடை. நீ விட்ட நேரத்தில் நான் ஃபில்டரை மாற்றினேன், டீசல் குழாயில் அடைத்த காற்றை எடுத்தேன், ஃபீட் பம்புக்கு வாஷர் போட்டேன். டீசல் விலை ஏறியதிலிருந்து நீ மண்ணெண்ணெய் கலக்கிறாயோ என்றுகூடச் சந்தேகப்பட்டுக் கேட்டேன். "எங்கே நின்னாலும் என்னை வூட்டுல கொண்டாந்து வுட்டுடும்டா என் வண்டி" என்றாய். கேட்ட கேள்விக்கு அதுவா பதில்?

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வெள்ளை வெயில். அளத்து வரப்பில் நீ காலை வைத்த இடத்தில் நல்ல பாம்பு, கொத்திவிட்டது. இரண்டு பேர் உன்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். பஸ் அப்போதுதான் போயிருந்தது. இருந்த ஒரே வண்டி உன்னுடையது, ஓட்டத் தெரிந்து பக்கத்தில் இருந்தவன் நான். உன் பெண்டாட்டி பின்னால் ஏறி உன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் ஊசி இருக்கிறது, போய்ச் சேர்ந்தால் போதும்.

பெருமுக்கல் மலை தெரிந்தது. வண்டி இருமியது. நின்றது.

பானெட்டைத் தூக்கிக் கைப்பம்பை அடித்தேன். வெறுமனே ஆடியது. ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் சொட்டு டீசல் இல்லை. டேங்கிலிருந்து வரும் குழாயைப் பிடுங்கி, வாய் வைத்துப் பின்பக்கமாக ஊதினேன். கண் பிதுங்க ஊதிய பிறகு டேங்குக்குள் குபுகுபுவென்று சத்தம் கேட்டது. வாயில் டீசலோடு உப்பும் கரித்தது. இந்த ஊரில் எதை நக்கினாலும் கரிக்கும். துப்பிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

உனக்கு இமை மூடிக்கொண்டே வந்தது. அதோடு கிடந்தபடி என்னைக் கிண்டல் செய்தாய். "ஏன்டா டிப்ளமா... அடிச்சிக்கிற. சித்த உக்காரட்டும் அது. மூச்சு வாங்கிட்டு... வரும்."

"அண்ணே, இவருக்கு மூச்சு இழுக்குதுண்ணே!" என்று அவள் கத்தினாள்.

செல்ஃப் போட்டேன், கிளம்பியது. திண்டிவனம் எல்லையில் இன்னொரு முறை நின்றது. மறுபடி ஊதினேன், மறுபடி கிளம்பியது. ஒவ்வொரு தடவையும் வண்டிக்கு மூச்சு திரும்பியது. உனக்குத்தான் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் இமையைத் தூக்கிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாமே" என்றார், பஸ்ஸைத் தவறவிட்டவனிடம் சொல்கிற மாதிரி. அவள் என்னைப் பார்த்தாள். நான் என் கையிலிருந்த கிரீஸ் மசியைப் பார்த்தேன்.

மழைக்காலம் முழுக்க வண்டி தார்ப்பாயின் கீழ் கிடந்தது. மழை விட்டதும் உன் மச்சினன் வந்தான். "அண்ணே, ரெடி பண்ணிக் குடுங்க. நான் ஓட்டிக்கிறேன், அக்காளும் பொழைக்கணும்ல?" நீ கழற்ற விடாத டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தேன். 'சொத்'தென்று விழுந்தது, செம்மண் சேறு மாதிரி. விரலால் நசுக்கினால் நறநறத்தது. நாக்கில் வைத்தேன். பெருமுக்கல் ரோட்டில் துப்பிய அதே கரிப்பு.

டேங்கைக் கழுவி, புதுக் குழாய் போட்டு, வண்டியை வாசலில் நிறுத்தினேன். எடுக்க இருவரும் வந்தார்கள். மச்சினன் வண்டிக்கு மாலை வாங்கக் கடைக்குப் போனான். உன் பெண்டாட்டி நேராக டேங்க் மூடியிடம் போய் அதைத் திருகினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பிடி உப்பு, வெள்ளை வெளேரென்று.

"ஏம்மா, என்ன பண்றே!"

"மொத உப்புண்ணே. தையில வாரினதும் வருசா வருசம் ஒரு பிடி நான்தான் போடுவேன். பொண்டாட்டி கையால போட்டாத்தான் வண்டி வூடு திரும்பும்னு அவரு சொல்வாரு."

பாய்ந்து போய் அவள் கையைத் தட்டிவிட்டேன். தட்டைக் காட்டினேன். உப்பு டீசலில் கரையாது. கடல் காற்றின் ஈரம் டேங்குக்குள் தண்ணீராக அடியில் தங்கும். உப்பு அதில் கரைந்து தகரத்தைத் தின்னும். துருவும் கரையாத உப்பும் சேர்ந்து குழாய் வாயை அடைக்கும். எல்லாவற்றையும் சொன்னேன், பரீட்சையில் எழுதுகிற மாதிரி. எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது.

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அன்னிக்குப் பெருமுக்கல்ல நின்னதும் இதனாலதானாண்ணே?"

பழைய வண்டி, ஆயிரம் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். வருஷக்கணக்காக நான் தேடிய கோளாறு அது. கையில் கிடைத்ததை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஆமா" என்றேன்.

அவள் அழவில்லை. சிந்தியது போக மிஞ்சிய உப்பை மறுபடி முந்தானையில் இறுக்கி முடிந்துகொண்டு, மாலையோடு வந்த தம்பியைக்கூடப் பார்க்காமல் வெயிலில் நடந்து போனாள்.

போடுவதுதான் போட்டாய், உன் கையால் போட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா? பழியும் உன்னோடு போயிருக்கும். அவள் கைதான் ராசி என்று அவளைப் போட வைத்தாய். நீ நிம்மதியாய்ப் போய்விட்டாய். அந்தக் கையை வைத்துக்கொண்டு அவள் இருக்கிறாள்.

வண்டி இப்போது பெருமுக்கல்லில் நிற்பதில்லை. உன் மச்சினன் மலையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, பறக்கிறான். வாரம் ஒரு தடவை ஃபில்டரில் தண்ணீர் வடிக்க வருகிறான். இன்றும் வந்தான், கையில் சோற்றுத் தூக்குவாளியோடு.

"நீங்களும் ஒரு வாய் சாப்புடுங்கண்ணே. எங்க அக்காளுக்கு என்னா வந்துச்சோ தெரியல, தையில இருந்து கொழம்புல உப்பே போட மாட்டேங்குது. பகலெல்லாம் உப்பு வாருது, வூட்டுல உப்பில்லாம துன்றோம்." சொல்லிவிட்டு மூலையில் கிடந்த தட்டைக் காலால் நெம்பிச் சிரித்தான். "இதுல இருந்து ஒரு கிள்ளு எடுத்துக்கவாண்ணே?"

"பேசாம சாப்புடுறா" என்றேன்.

பக்கத்துப் பெட்டிக்கடையில் கேட்டால் ஒரு கை உப்பு தருவார்கள். நான் கேட்கவில்லை. சங்கரா மீன், காலையில் பிடித்தது. புளி சரியாக இருந்தது, காரம் சரியாக இருந்தது. எனக்கு வைத்ததை மீதி வைக்காமல் தின்றுவிட்டுத்தான் எழுந்தேன்.