படத்தில் வெட்டிய நட்சத்திரம்

அன்பு மகள் சுண்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இரண்டு பேரும் குளிரில் கெடாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பு. இதற்கு அடுத்து அம்மாவும் சுகம் என்று ஒரு வரி வர வேண்டும். உனக்கு வந்த கடிதம் ஒவ்வொன்றிலும் அவளே அப்படித்தான் எழுதியிருப்பாள். அந்த வரியை நான் எழுதப் போவதில்லை. எழுத்து கொட்டை கொட்டையாக இருக்கிறதே என்று சிரிக்காதே. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு முடிந்துபோய், வண்டிகளுக்கு எண் பலகை எழுதி எழுதித் தானாகப் படித்த கை இது, இதற்குச் சின்னதாக எழுத வராது. நான்கு வருடமாக உன்னோடு பேசாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று உனக்குத் தோன்றும். பேசாதது நீயா நானா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அம்மா மருந்து குடித்துவிட்டு மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறாள், அவள் எழுந்திருப்பதற்குள் இதை எழுதிப் பெட்டியின் அடித்தட்டுக்குக் கீழே வைத்து ஒட்டிவிட வேண்டும். பிரித்தவுடன் அடியைத் தூக்கிப் பார் என்று பெட்டிக்கு வெளியே கோடு போட்டிருக்கிறேன், நீ சின்னப் பிள்ளையில் பரிசை ஒளித்து வைத்தால் போடுவேனே அதே கோடு, ஞாபகம் இருந்தால் பார்த்திருப்பாய்.

வருடக் கடைசிக்கு அம்மா அனுப்பும் பெட்டி வழக்கம்போல் வந்திருக்கிறது, உள்ளே இருபத்துநாலு வாழ்த்து அட்டை, பன்னிரண்டு காகித விளக்கு, மருந்து பாட்டில் மூடியில் செய்த மணி ஒரு சரம், பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கொடுத்த வெட்டுத் துணியில் எலி இரண்டு, உன் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று. பரிசு என்றால் உள்ளங்கையில் வைத்து மூடினால் வெளியே தெரியக்கூடாது என்பது அம்மாவின் சட்டம், அதனால் எலிகளுக்கு வால் குட்டை. அங்கே கடையில் எல்லாம் கிடைக்கிறது, சிரமப்பட வேண்டாம் என்று போன வருடம் நீ போனில் சொன்னதை நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அவள் போனை வைத்துவிட்டுச் சொன்னாள், "பாவம், நமக்குச் சிரமம்னு சொல்றா." நான் அதற்கு வேறு அர்த்தம் வைத்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காத அபூர்வமான நாள்களில் அது ஒன்று.

இந்த வருடம் மழை தொடங்கியதிலிருந்து அவளுக்கு இருமல். கத்தரிக்கோல் பிடித்தால் இருமலில் கை ஆடி வெட்டு கோணிப் போகிறது. ஆகவே வெட்டுகிற வேலை முழுக்க என் தலையில். வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கொண்டு, "எண் பலகை எழுதுற கை, நட்சத்திரம் வெட்டச் சொன்னா அதுக்கும் நம்பர் போட்டுரும்" என்று கிண்டல் வேறு. அட்டைக்கு அச்சு எப்படிச் செய்வோம் என்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் உன் அம்மா, கழித்துப் போட்ட பழைய படங்களைக் கேட்டு வாங்கி வருவாள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊற வைத்தால் கறுப்பு உரிந்து கண்ணாடி மாதிரித் தகடு நிற்கும், நடுவில் உருவத்தை வெட்டி எடுத்துவிட்டு, அட்டைமேல் வைத்துப் பஞ்சில் பெயின்ட் தொட்டு ஒற்றினால் அச்சு. மூன்று வருடத்துக்கு முன் அவள் வேலையிலிருந்து நின்றபோது கொண்டு வந்த கட்டு இந்த வருடம் தீர்ந்து போயிற்று. தகடு இல்லையே என்றேன். உள்ளே போய் அலமாரித் துணிக்கு அடியிலிருந்து ஒரு படம் எடுத்து வந்து, "இது ஒண்ணு மிச்சம் இருக்கு, நல்ல விறைப்பு" என்று கையில் கொடுத்தாள். ஊறப் போட்டேன். இரண்டு நாள் ஆகியும் கறுப்பு உரியவில்லை. இப்போது வரும் படங்கள் கம்ப்யூட்டரில் அடிப்பது, அதெல்லாம் உரியாது என்று எனக்கு அப்போது தெரியாது. படத்தில்கூடக் கலப்படம் வந்துவிட்டது என்று திட்டிக்கொண்டே, உரியாவிட்டால் போகட்டும் என்று கறுப்போடு வெட்டினேன். அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் வெட்டப் போனேன். "இன்னும் கொஞ்சம் வலது பக்கம் தள்ளி வெட்டுங்க, அங்கதான் மடிப்பு இல்லை" என்றாள். தள்ளி வெட்டினேன். உன் கையில் இருக்கும் இருபத்துநாலு அட்டையிலும் உள்ள சிவப்பு நட்சத்திரம் அந்த ஓட்டை வழியாக விழுந்ததுதான்.

போன திங்கட்கிழமை பெயின்ட் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். அம்மாவோடு வேலை பார்த்த நர்ஸம்மா எதிரில் வந்தாள். "அக்கா ஏன் இன்னும் டாக்டரைப் பாக்க வரலை? படம் எடுத்து அஞ்சு வாரம் ஆச்சே, எடுத்த பையனே அன்னைக்குக் கலங்கிப் போய் எங்கிட்ட சொன்னான்" என்றாள். என்ன படம் என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றப் பார்த்தாள், நான் விடவில்லை. வீட்டுக்கு வந்து அச்சை எடுத்து மூலையில் அப்பியிருந்த சிவப்பை நகத்தால் சுரண்டினேன். வெட்டும்போது நான் கவனிக்காத பொடி எழுத்தில் உன் அம்மா பெயர், வயது, தேதி. முப்பது வருடம் ஊரார் நெஞ்சையெல்லாம் உறையில் போட்டுக் கொடுத்தவளுக்குத் தன் நெஞ்சைப் பார்த்தால் தெரியாதா? டாக்டர் அறை வாசல் வரைக்கும் போய், வெளிச்சத்தில் தானே தூக்கிப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்திருக்கிறாள். வந்து எனக்குச் சோறும் போட்டிருக்கிறாள்.

வருடம் முடியும்வரை எந்தத் துண்டையும் குப்பையில் போடக்கூடாது என்று அவள் வைத்த சட்டம் அவளுக்கே எதிராக வந்தது. வெட்டிய துண்டுகளைப் போட்டு வைக்கும் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தேன், நான் வெட்டி எடுத்த நட்சத்திரம் கிடைத்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு அவளிடம் சொல்லாமல் டாக்டரிடம் போனேன். அவர் அச்சைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, நெஞ்சுக்கு ஜன்னல் வெச்சிருக்கீங்க?" என்று சிரித்தார். நான் நட்சத்திரத்தை எடுத்து விளக்குப் பலகைமேல் அந்த ஓட்டையில் வைத்தேன். என் வெட்டு சுத்தம் சுண்டு, மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். நட்சத்திரத்தின் கீழ் முனையில் பட்டாணி அளவுக்கு ஒரு வெள்ளை. வலது பக்கம் தள்ளி வெட்டச் சொன்னாளே, அந்த இடம். இருபத்துநாலு தடவை அதன்மேல் குனிந்து பெயின்ட் ஒற்றியவன் நான், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் அவளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப் போய்ப் புதுப் படம் எடுத்தோம். பட்டாணி இப்போது பட்டாணியாக இல்லை. கத்தி வைத்து எடுத்துவிடலாம், ஆனால் வருகிற பத்தாம் தேதிக்குள் வைக்க வேண்டும், தள்ளிப் போட்டால் அப்புறம் கத்திக்கு வேலை இல்லை என்று டாக்டர் அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார். இவள், வருடக் கடைசி வேலையெல்லாம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறாள். ஏதோ துணி துவைக்கிற காரியம் மாதிரி. வீட்டுக்கு வந்து கத்தினேன். என் கையில் கொடுத்து உன் நெஞ்சை என்னையே வெட்ட வைத்தாயே, நீ மனுஷியா என்று கேட்டேன். "முழுசா இருந்தா என்னைக்காவது நீங்க எடுத்துப் பாப்பீங்க. நட்சத்திரமாப் போயிட்டா யாரு பாக்கப் போறாங்க?" என்றாள். சுண்டுவைக் கூப்பிடு, அவள் வரட்டும் என்றேன். நான் உன் பெயரைச் சொல்லியே எத்தனை காலம் ஆயிற்று, அதில் அவளுக்கு ஒரு நிமிடம் முகம் மலர்ந்தது. பிறகு சொன்னாள், "வேண்டாங்க. கூப்பிட்டு அவ வராமப் போயிட்டா அதை மனசுல வெச்சுக்கிட்டு நான் கத்திக்குப் படுக்க முடியாது. கூப்பிடலைன்னா, கூப்பிட்டிருந்தா வந்திருப்பான்னு நெனச்சுக்கிட்டே படுத்துக்கலாம்." உன்னிடம் சொல்லமாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் என்றைக்கு யார் பேச்சைக் கேட்டேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போன் அவள் தலைமாட்டில் இருக்கிறது, தெருக்கோடிக் கடைக்குப் போய் நான் கூப்பிட்டாலும் நீ ம் என்பாய், நானும் ம் என்பேன், அதற்குமேல் நம் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. இந்தப் பெட்டி ஆறு நாளில் வந்துவிடும் என்று தபால்காரர் அடித்துச் சொல்கிறார். உன் கைக்கு வரும்போது பத்தாம் தேதிக்குப் பதினொரு நாள் இருக்கும். என் பேச்சு அவளிடம் எடுபடாது, நாற்பது வருடமாக நான் யாருக்கும் மசியாததைப் பார்த்துப் பார்த்து அவளும் அதையே கற்றுக்கொண்டாள். நீ வந்து வாசலில் நின்றால் அவள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு உன்னோடு ஆஸ்பத்திரிக்கு வருவாள், இது எனக்குத் தெரியும். நீ வர வேண்டும் என்று நான் கெஞ்சவில்லை. உனக்கு வேலை இருக்கும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும், என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமலும் இருக்கும். என் முகத்தைப் பார்க்க வேண்டாம், எண் பலகை எழுதும் பட்டறையில் எனக்கு ஒரு கட்டில் இருக்கிறது, நீ இருக்கிற வரைக்கும் நான் அங்கேயே படுத்துக்கொள்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் நீ வாங்கி வந்து வாசலில் கட்டிய மின்விளக்குச் சரத்தை அன்று சாயங்காலமே நான் அவிழ்த்துக் குப்பைத் தொட்டிமேல் வைத்தேன். அம்மா கையால் செய்ததை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கடைச் சரக்கைக் கட்டினாய், நான் அவிழ்த்தேன், நீ இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிப் போனாய். அவிழ்த்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்தச் சரத்தை அம்மா அன்றைக்கே தொட்டியிலிருந்து எடுத்து வந்து துடைத்துப் பழைய தலையணை உறையில் போட்டு வைத்திருக்கிறாள், எனக்கு நேற்றுத்தான் தெரியும். நேற்று அதை வெளியே எடுத்து, படுத்த இடத்திலிருந்து தெரியும்படி வாசலில் கட்டச் சொன்னாள். ஏணி போட்டு நானே கட்டினேன். மூன்று பல்பு எரியவில்லை, மற்றது எரிகிறது. காகித விளக்கையெல்லாம் விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

துணி எலிகளுக்குக் கீழே ஒரு தீப்பெட்டி இருக்கும், அதற்குள் அந்த நட்சத்திரம் இருக்கிறது. டாக்டருக்கு இனி அது வேண்டாமாம். பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதே, மரத்தில் கட்டிவிடப் போகிறார்கள். நீ மட்டும் ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பார், கீழ் முனையைப் பார். மாப்பிள்ளைக்கும் காட்டு. வெளியே போகும்போது கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள், சின்ன வயதிலிருந்தே உனக்குத் தொண்டை ஆகாது. நீங்கள் எல்லோரும் நூறு வயது நோயில்லாமல் இருக்க வேண்டும், பிள்ளைகள் பெரிய படிப்புப் படித்து, எங்களைப்போல் இல்லாமல் மனதில் இருப்பதை வாயால் சொல்லத் தெரிந்தவர்களாக வளர வேண்டும். பத்தாம் தேதியை மறந்துவிடாதே. வாசலில் விளக்குச் சரம் அப்படியே இருக்கும், வருடம் முடிந்தாலும் இருக்கும். ஒரு தடவை அவிழ்த்துவிட்டேன், இன்னொரு தடவை என் கையால் அவிழ்க்கமாட்டேன். அது நீ வந்து செய்ய வேண்டிய வேலை.

இப்படிக்கு,
உன் அப்பா

இருமுகிறாள், எழுந்துவிட்டாள் போல. ஒட்டுகிறேன்.