பதினேழு பூஜ்யங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

எழுதுவதற்கே முதலில் மன்னித்துக்கொள். உன்னைவிட ஆறு வயதுதான் மூத்தவள், உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த நான்கு வருஷத்தில் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை, நீ போனில் கூப்பிட்டாலும் "இதோ அப்பாகிட்ட தர்றேன்" என்பதற்கு மேல் எனக்கு வாய் வராது. எழுதினால்தான் முழுசாகச் சொல்வேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன், போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றிலிருக்கும் ஐந்து மாதமும் நலம்தானே. இங்கே நலம் என்று எழுதப் பேனா வரவில்லை.

அப்பாவுக்கு டெங்கு வந்து இன்று ஐந்தாம் நாள். காலையில் காய்ச்சல் விட்டதும் எனக்கு உயிர் வந்தது, ஆனால் நர்ஸம்மா "விட்டுடுச்சேன்னு சந்தோஷப்படாதீங்க, இனிமேதான் கண்ணுல எண்ணெய் விட்டுப் பாக்கணும்" என்றார். ரத்தத்தில் தட்டணுக்கள் நேற்று அறுபதாயிரம், இன்று இருபத்தெட்டாயிரம். ஈறில் ரத்தம் கசிகிறது. அதைத் துடைத்துக்கொண்டே "என்னடி, ஃபியூஸ் போன பல்பு மாதிரி மூஞ்சிய வச்சிருக்க" என்று என்னைக் கேலி செய்கிறார், எலக்ட்ரீஷியன் புத்தி எங்கே போகும். பக்கத்துக் கட்டில்காரரிடம் "ஞாயித்துக்கிழமை என் பொண்ணு வர்றா, அன்னிக்கு நான் எழுந்து நடக்கலேன்னா பாருங்க" என்று சவால் வேறு.

உன்னிடம் மறைக்க மாட்டேன், இதில் என் தப்பு இருக்கிறது. சுகாதார அலுவலகத்தில் தினமும் காலை மழைமானியைப் பார்த்து எழுதுவது என் வேலை. மழை பெய்த வாரம்தான் எங்கள் ஆட்கள் வீடு வீடாகப் போய்த் தொட்டிகளைப் பார்ப்பார்கள், பூஜ்யம் என்று எழுதினால் போக மாட்டார்கள், பல வருஷமாக அப்படித்தான். பதினேழு நாள் பூஜ்யம் எழுதினேன். மழை இல்லாததால் குழாயில் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லாததால் தெருவில் இருக்கிற வாளி, டிரம், அண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைத்தார்கள், கொசுவுக்கு அது போதும். இந்த வெயிலில் முட்டை சீக்கிரம் கொசுவாகிறது, அதன் உடம்புக்குள் வைரஸும் வழக்கத்தில் பாதி நாட்களிலேயே முற்றிவிடுகிறது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், விலங்கியல், இது எனக்குத் தெரியும். ஒருநாள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு அதிகாரியிடம் சொன்னேன். "மழையே இல்ல, கொசு எங்கேர்ந்தும்மா வரும், நீங்க வேற" என்று சிரித்தார். "சரிங்க சார்" என்று வந்து பதினெட்டாம் பூஜ்யத்துக்குக் கோடு போட்டு வைத்தேன்.

வீட்டிலும் அதேதான். மாடியில் அப்பா டிரம்மில் தண்ணீர் பிடித்துப் பழைய போர்வையால் மூடியிருந்தார், ஓரத்தில் இடைவெளி. கொட்டிக் கழுவலாம் என்று மெதுவாகக் கேட்டேன். "கொட்டிட்டு? நாளைக்குக் குளிக்க நீ கண்ணீர் விடுவியா" என்றார். நானும் சிரித்துவிட்டேன். அவர் படுத்த அன்று போய்ப் போர்வையை விலக்கினேன், யாரோ தண்ணீர் முழுக்கக் கமா போட்டு வைத்ததுபோல் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. கத்தவேண்டிய இரண்டு இடத்திலும் முணுமுணுத்தேன், பாப்பா.

உன் பால்கனிச் செடிகளுக்கு அடியில் தட்டு இருந்தால் தண்ணீர் தேங்க விடாதே. சாயங்காலம் மட்டுமில்லை, இந்தக் கொசு பகலிலும் கடிக்கும், முழுக்கை போட்டுக்கொள். இரும்பு மாத்திரையை மறக்காதே. நீயும் குழந்தையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் சின்னம்மா

கையெழுத்துப் போட்ட பிறகுதான் இதைக் கேட்க முடிகிறது. இந்த வார்டில் உன்னைப்போல வயிற்றோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி நேற்று கரு கலைந்து வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போனாள், என்னைத் தாண்டித்தான் போனாள். ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டை ரத்து செய்துவிடு. அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். இளையதாரம் மகளைத் தடுத்துவிட்டாள் என்று பேசுவார்கள், பேசட்டும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நீ ஆயுசுக்கும் என் முகத்தில் விழிக்க மாட்டாய், அதுவும் தெரிந்துதான் கேட்கிறேன். வராதே, கண்ணு.