வாய் வழியாக எதுவும் கூடாது

ஜூன் 3, செவ்வாய்

வெயில் கொளுத்துகிறது. கடல்காற்று இன்னும் இறங்கவில்லை. ஆபீசுக்கு லீவு சொல்லியாச்சு. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக: பாய், துண்டு, நைனாவுக்கு லுங்கி, ஃபிளாஸ்க். (ஃபிளாஸ்க் வேண்டாம். தண்ணிகூடக் கூடாதாம்.)

நைனாவுக்குக் கணையத்தில் வீக்கம். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். வேலை விட்டால் குடி. நேற்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். இப்போது மூக்கில் டியூப், கையில் டிரிப்ஸ். தலைமாட்டில் அட்டை: வாய் வழியாக எதுவும் கூடாது.

சின்ன டாக்டர் நல்ல மாதிரி. நிதானமாகச் சொன்னார். சாப்பாடு குடலுக்கு இறங்கியதும், குடல் ரத்தம் வழியாகக் கணையத்துக்குச் சேதி அனுப்புமாம். அதற்கப்புறம்தான் கணையம் செரிக்கிற நீரை நிறைய விடும். அதையும் பூட்டுப் போட்டுத்தான் அனுப்பும், குடலுக்குப் போய்த்தான் திறக்கும். நைனாவுக்குப் பூட்டு உள்ளேயே திறந்துகொண்டது. கணையம் தன்னையே செரிக்கிறது.

"அதுக்கு வேலையே குடுக்கக்கூடாதும்மா. வாசனை பட்டா, சாப்பாட்ட நெனச்சாக்கூட மூளையிலேர்ந்து சேதி போயிடும்."

நர்ஸம்மா இன்னும் கறார். "சாப்பாட்டுப் பேச்சே எடுக்காதீங்க."

எனக்கும் நைனாவுக்கும் வேறு பேச்சே கிடையாதே.

ஜூன் 4, புதன்

மீன்பிடித் தடைக்காலம், பெரிய போட்டெல்லாம் கரையில்தான். ஆனாலும் கல்மண்டபம் ஸ்டாப்பிலேயே மீன் வாசனை. துப்பட்டாவில் ஒட்டியிருக்குமோ என்று வார்டு வாசலில் மோந்து பார்த்தேன். பைத்தியம்.

பக்கத்து பெட்டுக்கு நெத்திலிக் குழம்பு வந்தது. நைனா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. பாவமாக இருந்தது.

நைனாவின் தோஸ்து மணி மாமா வந்தார். வந்ததும் வராததுமாக, "இன்னா மாமு, சாப்டியா?"

நர்ஸம்மா முறைத்தார்.

"பயக்கத்துல வந்துருச்சு சிஸ்டர்."

நைனா வலியோடு சிரித்தார்.

பழக்கம்தான். அம்மா போனபிறகு வீட்டில் நாங்கள் ரெண்டு பேர்தான். பாஸ்கர் வந்துபோன பின்னால் "சாப்டியா?" "சாப்டேன்" தவிர ஒரு பேச்சும் இல்லை. பாஸ்கர் கொருக்குப்பேட்டைப் பையன். என்னைக் கட்டிக்கொடுக்கச் சொல்லித் தானே நேரில் வந்து கேட்டான். கேஸ் சிலிண்டர் போட வருகிறவரைக்கூட "சாப்டியாப்பா?" என்று கேட்கிற நைனா, அவனைக் கேட்கவில்லை. அதுதான் பதில். அவனும் புரிந்துகொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். இப்போது ரெண்டு பிள்ளைகளாம்.

ஜூன் 6, வெள்ளி

கரண்ட் கட். பேப்பரால் விசிறினேன். கேட்க ஒன்றுமில்லாமல் ரெண்டு பேரும் சும்மா இருந்தோம். அப்புறம் நைனாவே ஆரம்பித்தார்.

"கிரேன் மேல குந்திகினு பாத்தா நம்ம தெரு தெரியும். நீ மாடில துணி காயப்போடுறது கூட தெரியும்."

இத்தனை வருஷத்தில் சொன்னதே இல்லை. சந்தோஷமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது.

நாளைக்கு இன்னும் பேசுவார். நானும் கேட்டுவிட வேண்டும். அன்றைக்குப் பாஸ்கரை ஏன் "சாப்டியா" என்று கேட்கவில்லை?

ஜூன் 8, ஞாயிறு

டியூப் எடுத்தாச்சு. அட்டையும். நீர்க்கஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாகத் தரலாமாம். நேற்று பூரா தூங்கிக்கொண்டே இருந்தார், பேச்சில்லை. வீட்டுக்கு ஓடி, கஞ்சி வைத்துக் கொண்டுபோனேன்.

டம்ளரை நீட்டினேன். வாங்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு அந்தப் பையன் நம்ம வூட்டுக்கு வந்தான்ல... அவன ஒரு வார்த்த நான்..."

குரல் உடைந்துவிட்டது. நைனா அழுது நான் பார்த்ததில்லை. பயந்துவிட்டேன்.

"கஞ்சி ஆறுது நைனா. மொதல்ல குடி."

குடித்தார், சொன்னபேச்சு கேட்கிற பிள்ளை மாதிரி. வாயைத் துடைத்துக்கொண்டு படுத்துவிட்டார்.

ஆறினால் ஆறட்டும் என்று விட்டிருக்கலாம். என் வாயில் ஏன் அது வந்தது? பஸ் பூரா அழுகை.

ஜூன் 11, புதன்

வீட்டுக்கு வந்தாச்சு. மாத்திரை காலை, ராத்திரி. எண்ணெய் கூடாது. குடி கூடவே கூடாது.

சாயந்திரம் நாலு தூறல். துணி எடுக்க மாடிக்குப் போனேன். ஆமாம், கிரேன் தெரிகிறது. இத்தனை நாள் நான்தான் பார்க்கவில்லை.

கீழே வந்து எதிரில் உட்கார்ந்தேன். "நைனா, ஆஸ்பத்திரில இன்னாவோ சொல்ல வந்தியே."

நிமிர்ந்து பார்த்தார்.

"நீ சாப்டியா?"

"சாப்டேன்."