ஈஸ்டர் திங்கள் தண்ணீர்

பிப்ரவரி 13, திங்கள்

இன்றும் எடை பார்த்தார்கள். திங்கட்கிழமை காலை என்றாலே எங்கள் கோச் கேய்சாவுக்குக் கொண்டாட்டம்தான். பையன்கள் சுற்றி நிற்க, பெண்கள் ஒவ்வொருத்தியாக நீச்சலுடையில் எடை மெஷின் மேல் ஏற வேண்டும். நான் ஏறியதும் ஸ்டாப்வாட்ச்சால் வயிற்றில் ஒரு குத்து. "என்ன ஸ்லாவ்கா, கிறிஸ்துமஸுக்குத் தின்ன வாத்து இன்னும் உள்ளேயே நீந்திட்டிருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். திமியாவும் சிரித்தாள். பதினாறு வயது ஒட்டடைக்குச்சி, சிரிக்கட்டும். எனக்கு இருபத்தாறு. பட்டர்ஃப்ளை நீச்சலில் ஒலிம்பிக் தகுதி நேரத்துக்கு இன்னும் அரை விநாடி குறைக்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் தேர்வுப் போட்டி. ஒருத்தியைத்தான் அனுப்புவார்கள். இதை விட்டால் எனக்கு வேறு எதுவும் இல்லை.

பிப்ரவரி 29

பேக்கரி வாசனை தாங்காமல் வேறு தெரு வழியாகச் சுற்றி பஸ்ஸுக்குப் போனேன். பஸ் போய்விட்டது.

மார்ச் 24, சனி

ஜெயித்துவிட்டேன்! தகுதி நேரம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. திமியா இரண்டாவது. உடை மாற்றும் அறையில் வந்து, "ஸ்லாவ்கா அக்கா, உங்க கை தண்ணிக்குள்ள எப்படிப் போகுதுன்னு எனக்கும் காட்டுங்களேன்" என்றாள். அப்புறம் பார்க்கலாம் என்றேன். அப்புறம் என்ன அப்புறம், என் உயிர் இருக்கும்வரை காட்ட மாட்டேன்.

கோச் என் வலது தோளைத் தட்டி, "இதைப் பத்திரமா வெச்சுக்கோ. ஒலிம்பிக் போறது நீ இல்ல, இந்தத் தோள்தான்" என்றார். அவர் வாயில் இதுவே பாராட்டு.

ஏப்ரல் 8, ஈஸ்டர் ஞாயிறு

ஊருக்கு வந்திருக்கிறேன். மேஜை நிறைய ஹாம், வெண்ணெய் ரொட்டி, சாயம் பூசிய முட்டைகள். நான் ஒரு முட்டையின் வெள்ளையை மட்டும் தின்றேன். ஹாம் ஒரு துண்டு... வேண்டாம்.

நாளை கிளப் பையன்கள் வேனில் வருவார்கள், வழக்கம்போல கோச்சும் கூடவே. ஈஸ்டர் திங்களில் பையன்கள் வீடு தேடி வந்து தூக்கிப்போய்த் தண்ணீரில் முக்கினால் பெண் வருஷம் முழுக்க நோய்நொடி இல்லாமல் இருப்பாளாம். வருஷம் முழுக்கத் தண்ணீரில் கிடப்பவளுக்கும் விலக்கு கிடையாது.

"இந்த வருஷம் வேண்டாம்மா. மூணு வாரத்துல போட்டி" என்றேன்.

"நம்ம வீட்டுப் பொண்ணைச் சீண்ட ஆளே இல்லைன்னு பக்கத்து வீட்டுக்காரி பேசணுமா? போன வருஷம் அவ மகளை நனைக்க எத்தனை வண்டிப் பசங்க வந்தாங்க தெரியுமா? ஒரு நாள் நனைஞ்சா கரைஞ்சிட மாட்டே."

ஏப்ரல் 9, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன்.

குளியலறையில் பூட்டிக்கொண்டேன். அம்மாதான் வெளியிலிருந்து பூட்டைத் திறந்துவிட்டாள். பெற்ற தாய். கிளப் பையன் ராதோவும் இன்னொருத்தனும் கையைப் பிடித்தார்கள், மற்ற இருவர் காலை. ஓடைக் கரையில் இன்னும் பனி கிடந்தது. ஊஞ்சல் மாதிரி ஆட்டினார்கள். மூன்றாவது ஆட்டத்தில் காலைப் பிடித்தவர்கள் விட்டார்கள், இடது கையும் விடுபட்டது. ராதோ மட்டும் வலது கையை விடவில்லை. தோளுக்குள் ஏதோ கிழிந்தது.

கத்தினேன். கத்தினேனே! ஆனால் இன்றைக்குக் கத்தாத பெண் எவள்? கத்துவதுதான் வழக்கம். ஊரெல்லாம் அதே சத்தம். கரையில் நின்ற கோச், "இந்தத் தொண்டையை மட்டும் தண்ணிக்குள்ள காட்டு, தங்கமே வாங்கிடலாம்" என்று சிரித்தார்.

சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தால் அம்மா பிளம் சாராயம் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். "பசங்களுக்கு முட்டை கொடுடி. ராதோவோட பிரம்புல ரிப்பன் கட்டி விடு." நனைத்தவனுக்கு முட்டையும், அவன் கொண்டுவரும் ஈஸ்டர் பிரம்பில் ரிப்பனும், அதுதான் பெண் சொல்லும் நன்றி. ஒரு கையால் எப்படிம்மா கட்டறது? பல்லால் கடித்து இழுத்துக் கட்டினேன். அப்போதும் எல்லோரும் சிரித்தார்கள்.

ஏப்ரல் 11

தசைநார் முழுதாக அறுந்திருக்கிறதாம். ஆபரேஷன். நீந்த முடியுமா என்று கேட்டேன். "தலை வாரலாம்" என்றார் டாக்டர்.

கோச் வந்தார். ஆரஞ்சுப்பழம் கொண்டுவந்தார். "பனியில வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடு. ராதோ சின்னப் பையன், அவனுக்கும் எதிர்காலம் இருக்கு. கிளப் உன்னைக் கைவிடாது."

வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? கிளப் இல்லாமல் நான் எங்கே போவேன்?

ஏப்ரல் 28, சனி

திமியாவுக்குத் தகுதி நேரம் கிடைத்துவிட்டது. பார்வையாளர் வரிசைக்கு ஓடிவந்து ஈரத்தோடு என்னைக் கட்டிக்கொண்டாள், கட்டுப் போட்ட தோளோடு சேர்த்து. "அக்கா, நீங்க வழுக்கி விழுந்தது எனக்கு அதிர்ஷ்டமாப் போச்சு!" கெட்ட எண்ணம் இல்லை. சந்தோஷத்தில் சொல்கிறாள். அதனால்தான் தாங்க முடியவில்லை.

ஜூலை 28

ஒலிம்பிக்கை ஊர் முழுக்க பீர் கடை டிவியில் பார்த்தது. திமியா கடைசி. நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

அக்டோபர் 15

கோச் வாக்குத் தவறவில்லை. இன்றிலிருந்து உதவிப் பயிற்சியாளர். கழுத்தில் ஸ்டாப்வாட்ச். வலது கை காதுவரை போகிறது, அதற்கு மேல் போகவில்லை.

டிசம்பர் 24

குளியல் தொட்டியில் மூன்று நாளாகக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வாங்கிய கெண்டை மீன் அங்கும் இங்கும் திரும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வருஷமும் அப்பாதான் அடிப்பார். இந்த முறை, "பாவமா இருக்குடி" என்று சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். நான் அடித்தேன். இடது கையால், ஒரே அடி. அப்பா சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 4, திங்கள்

எடை. கோச்சுக்கு ஜலதோஷம், அதனால் நான். திமியா கொஞ்சம் ஏறியிருக்கிறாள். ஸ்டாப்வாட்ச்சால் வயிற்றில் குத்தினேன். "உலகப் போட்டிக்கு நீ போறியா, இந்தத் தொப்பை போகுதா?" பையன்கள் நன்றாகச் சிரித்தார்கள். இவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை.

ஏப்ரல் 1, ஈஸ்டர் திங்கள்

வேனில் கோச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். திமியா வீட்டில் அவளைக் காணோம். எங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியாதா? குளியலறைக் கதவைத் தட்டினேன்.

"ஸ்லாவ்கா அக்கா, நீங்களா? எனக்கு அடுத்த வாரம் போட்டி. அவங்களை வேண்டாம்னு சொல்லுங்கக்கா."

"நான்தான் இருக்கேன்ல. திற."

திறந்தாள்.

ராதோதான் இந்த முறையும் வலது பக்கம் நின்றான். நான் அவர்களோடு ஓடைக்குப் போகவில்லை, சமையலறையில் உட்கார்ந்தேன். முதலில் இரண்டு அலறல் கேட்டது, வழக்கமானதுதான். மூன்றாவது வேறு மாதிரி இருந்தது. அந்தச் சத்தத்தை நான் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

திமியாவின் அம்மா ஹாம் வெட்டிக்கொண்டே, "எப்படிக் கத்துறா பாருங்க, கழுதை" என்று சிரித்தாள்.

"ஆமாம், நல்ல தொண்டை" என்றேன்.

ஹாம் ருசியாக இருந்தது. இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.