பெயர் போடாமல் எழுதியது

கல்லடி,
18.06.2007

அன்புள்ள மகன் தவசீலனுக்கு,

அம்மா இங்கே நல்ல சுகம், காய்ச்சல் தடிமன் ஒன்றும் இல்லை, நீயும் மருமகளும் அவ்வளவு தூரத்தில் சுகமாயிருக்க அம்மன் துணை. வலைப்பதிவில் எழுதியது எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னாய், நான் ஓம் என்றும் சொல்லவில்லை இல்லை என்றும் சொல்லவில்லை. போனில் பேசுகிற விஷயமா அது. இன்டர்நெற் கடை வைத்திருக்கும் மர்சூக்கின் தம்பி டோஹா போகிறான், அங்கிருந்து இதைத் தபாலில் போடுவான்.

பிழை என்னுடையதுதான். பெயர் போடாதீங்க என்று வலைப்பதிவைத் தொடங்கித் தந்த அன்றே சொன்னாய், நானும் போடவில்லை. ஆனால் அம்மன் கோயில் வருடச் சடங்கைப் பற்றி எழுதும்போது, மூன்றாம் நாள் பூசை எங்கள் தாய்வழிக் குடிக்கு உரியது, இந்தமுறை பயத்தில் மூன்று பேர்தான் போனோம் என்று குடிப் பெயரோடு எழுதிவிட்டேன். பரம்பரைப் பெருமை, கை தானாக அடித்துவிட்டது. அந்த மூன்று பேரில் அன்னப்பூரணி அக்காவுக்குக் கண் தெரியாது, நல்லரத்தினம் மாமா பெருவிரல் வைக்கிற ஆள். மிச்சம் யார்? மீன் விற்கும் சீதேவிப்பிள்ளை, சுவிஸில் இருக்கிற மகள் வாசித்துச் சொன்னதாக, நான் எழுதியதை எனக்கே சொல்லி இரண்டு இறால் கூடப் போட்டாள். உள்ளுக்குள் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் மர்சூக் கடை வாசலிலேயே மறித்தான். “அக்கா, ரெண்டு பேர் வந்து உங்களப் பத்திக் கேட்டவங்க. தெரியாதெண்டு சொல்லிட்டன். கொஞ்ச நாளைக்கு வராதீங்க” என்றான். அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

பத்து நாளாய்ப் போகவில்லை. இருக்கவும் முடியவில்லை படுக்கவும் முடியவில்லை, உலையை வைத்துவிட்டு அரிசி போட மறக்கிறேன். உங்களுக்கு ஏன் அம்மா இந்த வேலை என்று கேட்டாய். அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் மற்றவர்கள் சொன்னதைத் தட்டச்சு செய்தவள் நான், என் சொல் என்று ஒரு வரி கிடையாது. அந்த ஆசை ஒன்று. மற்றது, புஸ்பத்தின் மகன், உன்னோடு படித்த யோகன், வயல் வட்டைக்கு வேலைக்குப் போய்த் திரும்பாதபோது, பேப்பரில் ஒருவர் சடலமாக மீட்பு என்று ஒரே ஒரு வரி. நான் அவன் பெயரை எழுதினேன், சைக்கிளில் போகும்போது வாய் ஓயாமல் பாடுவான் என்றும் எழுதினேன். புஸ்பத்துக்கு வாசிக்கத் தெரியாது. கடைக்கு வந்து, மகனுடைய பெயர் எது என்று கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே நின்றாள். அதை நான் எப்படி, மகன், அழிப்பது?

மர்சூக்குக்குக் கரைச்சல் வேண்டாம், வேறு கடை பார்த்திருக்கிறேன், வருகிற திங்கட்கிழமை போவேன். கோபிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளோடு வாய் காட்டாதே, இரண்டு பேரும் நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. கடவுச்சொல் உன்னிடம் இருக்கிறது. அந்தத் திங்கள் கழிந்து இரண்டு கிழமைக்கு மேல் புதிதாய் ஒன்றும் வராவிட்டால் எதையும் அழிக்காமல், மேலே என் பெயரை முழுதாய்ப் போட்டுவிடு. என்னை யாரும் பேப்பரில் வெறும் ஒரு பெண் என்று எழுத விடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
கந்தப்போடி ஆச்சிப்பிள்ளை