சிவப்பு விளக்குக்கு நின்றுவிட்டேன்

அன்பு மகள் கொலெட்டுக்கு அப்பா எழுதிக்கொண்டது. அலாஸ்கா குளிரில் நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன், மீதியைக் கீழே பார்த்துக்கொள். எப்போதும் அம்மா எழுதும் கடிதம் இந்தத் தடவை என் கிறுக்கலில் வந்ததைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். அவளால் பேனா பிடிக்க முடியவில்லையம்மா, விரல்கள் மடங்க மாட்டேன் என்கின்றன. மூட்டுவாதத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்று போடவேண்டிய ஊசியை அக்டோபரிலிருந்து ஐந்து வாரத்துக்கு ஒன்றாக நீட்டி வந்திருக்கிறாள். மற்ற மாத்திரைகளுக்கு நம் காப்பீட்டில் பத்து டாலரோடு போய்விடும், இந்த ஊசி மட்டும் தனி வகையாம், விலையில் மூன்றில் ஒரு பங்கு நம் தலையில், அது என் இரண்டு வாரச் சம்பளம். மருந்துக் கம்பெனி கொடுத்த தள்ளுபடி அட்டை கோடையோடு தீர்ந்ததைப் பற்றி என்னிடம் அவள் மூச்சுவிடவில்லை. ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பின்னால் ஊசிப் பெட்டி இருந்துகொண்டேதான் இருந்தது, திறந்து பார்க்கத் தோன்றாத மடையன் நான்.

இந்த மாதிரி மருந்துகளுக்கு நோயாளி மாதம் நூறு டாலருக்கு மேல் கட்டவேண்டாம் என்று மாநிலச் சட்டசபையில் ஒரு மசோதா வந்தது. யார் வேண்டுமானாலும் தலைநகரில் அதை விசாரிக்கும் உறுப்பினர் குழு முன்னால் போய்ப் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். நாலு மணி நேரம் காரில் உட்கார அம்மாவால் ஆகாது, அதனால் அவள் சொல்லச் சொல்ல நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அவள் சுபாவம் உனக்குத் தெரியும், பக்கத்து வீட்டு ஐரீனுக்குக்கூட வலி என்று சொன்னதில்லை. அவளே, "ஊசியைத் தள்ளித் தள்ளிப் போட்டதைச் சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல, சொல்லிடுங்க" என்றாள்.

போனேன். கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு, பொத்தான் போடமுடியவில்லை. மேசைமேல் ஒரு சின்ன விளக்கு, பச்சை என்றால் பேசலாம், மஞ்சள் என்றால் முடிக்கவேண்டும், சிவப்பு என்றால் நேரம் முடிந்தது. குழுவின் பதிமூன்று பேரும் என்னையே பார்த்ததும் பயம் வந்துவிட்டது, பயம் வந்தால் கேலி பேசுகிற புத்திதானே எனக்கு, நான் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன், உங்களில் யார் வீட்டுத் தபால் பெட்டியையாவது இடித்துத் தள்ளியிருந்தால் முதலில் மன்னிப்பு என்றேன். சிரித்தார்கள். சிரித்தால் எனக்குப் போதுமே, பாதிரியார் வீட்டு வேலியைச் சாய்த்த கதையையும் எடுத்துவிட்டேன். மஞ்சள் எரிந்தபோதுதான் கண்ணாடியைத் தேடி எடுத்து, தாளைப் பிரித்தேன். சிவப்பு எரிந்தது. இருபத்தொன்பது வருடம் சிவப்புக்கு நின்று பழகியவன், அங்கேயும் நின்றுவிட்டேன். நன்றி சொல்லி எழுந்து வந்தேன். எனக்குப் பின்னால் வந்த காப்பீட்டுக்காரர்களின் வக்கீல் சிவப்பு எரிய எரிய இன்னும் இரண்டு நிமிடம் நிதானமாகப் பேசினார், இப்படி வரம்பு வைத்தால் எல்லாருக்கும் பிரிமியம் ஏறும் என்றார், ஒருவரும் தடுக்கவில்லை. நிற்காமல் பேசலாம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வெளியே, ரொம்பச் சிரித்த உறுப்பினர் ஒருவர் என் கையைக் குலுக்கி, "இன்னிக்குப் பேசினதுல உங்க பேச்சுதான் பிரமாதம், மிஸ்டர் பெல்டியே" என்றார். போன வியாழக்கிழமை ஓட்டெடுப்பு, வேண்டும் என்று ஆறு பேர், வேண்டாம் என்று ஏழு. அவர் ஏழில் ஒருவர்.

இதைவிடக் கேவலம் ஒன்று. அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா ஊசியைப் பற்றிச் சொன்னீர்களா என்று கேட்டாள், சொன்னேன் என்றேன். முடிவு தெரிந்தபோது அவள் அழவில்லை, "அவ்வளவையும் கேட்டுட்டுத்தான வேணாம்னாங்க, இனிமே யார்கிட்டயும் கேக்காதீங்க" என்றாள். டாக்டரிடம் போகவும் மறுக்கிறாள். பெட்டியில் கடைசி ஊசி ஒன்று இருக்கிறது, ஜூலையில் நீ வரும்போது பேத்தியைத் தூக்கவேண்டுமாம், அதற்காக வைத்திருக்கிறாளாம். ஒரு ஊசியால் ஒன்றும் ஆகாது என்று அவளுக்கும் தெரியும்.

உண்மையை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீ வந்து சொல்லு என்று கேட்கவும் யோக்கியதை இல்லை. அந்தத் தாள் கோட்டுப் பையிலேயே கிடந்தது, இதோடு வைத்திருக்கிறேன். அவள் சொன்னதை ஒரு ஆளாவது கடைசிவரை படிக்கட்டும்.

கடவுள் உங்கள் மூவரையும் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். காரை வெளியே எடுக்குமுன் எஞ்சினைச் சூடாக்க மறக்காதே.

அம்மாவின் கையெழுத்தையும் சேர்த்துப் போடும்,
உன் அப்பா
அர்மான் பெல்டியே